ஏழாம் நம்பர் காலி

அத்தியாயம் 6

சித்ராதேவி மேடம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல கதவைப் பாக்க மாட்டாங்க, மீட்டரைத்தான் பாப்பாங்க. மின்வாரியத்துல இருபத்தாறு வருஷம் ரீடிங் எடுத்தவங்க. விருப்ப ஓய்வு வாங்கிட்டு துப்பறியும் ஆபீஸ் போட்டு மூணு வருஷமாச்சு, அந்தப் பழக்கம் மட்டும் போகல. ஒரு ஆளோட பேரை மறந்தாலும் மறப்பாங்க, அவரு வீட்டுல எத்தனை யூனிட் ஓடும்னு மறக்க மாட்டாங்க.

அன்னைக்கும் அப்படித்தான். திருப்பூர் வீரபாண்டியில, பனியன் துணி பின்னுற ஒரு நிட்டிங் யூனிட்டை ஒட்டின சந்து. சந்துன்னா, ஒரு சைக்கிள் வந்தா எதுக்க வர்ற ஆளு சுவத்தோட சுவரா ஒட்டிக்கணும். அதுக்குள்ள ஒரே வரிசையா பதினோரு ரூம், மேல சிமென்ட் ஷீட். இந்த ஊர்ல இதுக்குப் பேரு லைன் வீடு. மே மாசம், மணி பன்னிரண்டேகால். பதினோரு கதவுலயும் பூட்டு தொங்குச்சு. சந்து ஆரம்பிக்கிற சுவத்துல ஒரு பலகை, அதுல ஒரு மெயின் மீட்டர், அதுக்குக் கீழ ரூமுக்கு ஒண்ணா குட்டி மீட்டருங்க. மேடம் அது முன்னாடி போயி, கோயிலுக்கு வந்தவங்க மாதிரி நின்னுட்டாங்க.

"நம்பர் சரியா இருக்குதுங்க. போட்டோவுல இருக்கறது இந்த சர்வீஸ் மீட்டர்தான்" அப்படின்னாங்க.

பின்னாடி நின்ன பேராசிரியர் கந்தவேல் கைக்குட்டையால கழுத்தைத் துடைச்சாரு. "எப்படிங்க மேடம் கண்டுபுடிச்சீங்க? வெறும் நம்பர்தானுங்களே அது?"

"உங்களுக்கு அது நம்பருங்க. எனக்கு ரூட்டு. இந்தச் சந்துல என்னைய நாய் கடிச்சிருக்குது."

கந்தவேல் சார்தான் எங்களை வேலைக்கு வச்சவரு. கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல பொருளாதாரம். யாருக்கு வீடு இருக்கு, யாருக்கு இல்ல, வாடகை ஏன் ஏறுதுன்னு இருபது வருஷமா ஆராய்ச்சி பண்றவரு. இந்த லைன் வீடுகளைப் பத்தி அவரு எழுதின அறிக்கைக்கு அன்னைக்கு மூணு மணிக்குக் கூட்டம்னு சொல்லியிருந்தாரு. அவருகிட்ட முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பொண்ணு வேல்விழி. திருப்பூர் லைன் வீடுகள்ல ரூம் ரூமா ஏறி இறங்கி, யாரு குடியிருக்காங்க, யாரு இல்லன்னு எழுதின முந்நூத்துச் சொச்சம் படிவத்தோட ஆறு நாளா ஆளைக் காணோம். போன் ஆஃப். போலீஸுக்குப் போனா பொண்ணு பேரு கெட்டுரும்னு சொல்லி, சார் எங்ககிட்ட வந்தாரு. அவ கடைசியா ஆராய்ச்சி குரூப்ல ஒரு மீட்டர் போட்டோவைத் தப்பாப் போட்டு, ஒரே நிமிஷத்துல அழிச்சிருக்கா. அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள சார் அதை எடுத்து வச்சுக்கிட்டாரு. எங்க கையில இருந்த துப்பு அது ஒண்ணுதான்.

நான் ஜெபக்குமார். சொந்த ஊரு நாசரேத். பனியன் கம்பெனி செக்கிங்ல எட்டு வருஷம், துணியில ஓட்டை இருக்கா கறை இருக்கான்னு பாத்தவன். இப்ப ஆளுங்க சொல்ற கதையில அதையே பாக்கேன். கந்தவேல் சாரோட கதையில எனக்கு ஒரு ஓட்டையும் தெரியல. அதுலதான் நான் கோட்டை விட்டது.

"எல்லாமே பூட்டிக் கெடக்குதுங்க. காலி லைனாட்ட இருக்குது" அப்படின்னாரு சார்.

மேடம் குட்டி மீட்டருங்களை ஒவ்வொண்ணா பாத்தாங்க. "பதினொண்ணுல ஒண்ணுதான் தூங்குதுங்க. மூணாம் நம்பரு."

"மேடம், மீட்டர் தூங்குமா? அதுக்குத் தலகாணி கொடுக்கணுமா?"

"ஜெபா, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு வர்றீங்களா?" திட்டும்போதும் மேடம் மரியாதை குறைக்க மாட்டாங்க. அதனால திட்டு வாங்குனதே நமக்கு லேட்டாத்தான் தெரியும்.

சார் என் பக்கம் திரும்பினாரு. "தம்பி, என் போன்ல சார்ஜ் இல்ல. அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். உங்க போனைக் குடுங்க. நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போங்க, என்னையப் பாத்தா பயந்துக்கும்."

குடுத்தேன். மேடம் போன் ஸ்கூட்டர் டிக்கிக்குள்ள. ரீடிங் எடுக்கப் போகும்போது ஒரு தடவை சாக்கடையில விழுந்ததுல இருந்து அவங்க போனைக் கையில எடுத்துட்டு எந்த லைனுக்குள்ளயும் வர்றதில்ல.

ஏழாம் நம்பர் கதவுல 'வீடு வாடகைக்கு'ன்னு அட்டை தொங்குச்சு. கொண்டியில பூட்டும் தொங்குச்சு, ஆனா அழுத்திப் பூட்டல. சாவி அதுல இல்ல. மேடம் அதை ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எடுத்துக் கொண்டியிலயே மாட்டிட்டு, கதவைத் தள்ளினாங்க.

பத்துக்குப் பத்து ரூம். ஃபேன் முழு வேகத்துல சுத்துது. கீழ ஒரு பாய். ஓரத்துல இண்டக்‌ஷன் அடுப்பு, அது மேல பால் சட்டி, பக்கத்துல இஸ்திரிப் பெட்டி. சுவத்தோரமா பனியன் கம்பெனி அட்டைப்பெட்டி ஒண்ணு. ஒரு டம்ளர்ல பாதி டீ.

மேடம் டம்ளரைத் தொட்டாங்க. "சூடு இருக்குதுங்க."

"அப்ப பொண்ணு இப்பத்தான் போயிருக்கு. ஆனா எப்படிப் போச்சு? கதவு ஒண்ணுதான். ஜன்னல்ல கம்பி. நாம சந்து வழியாத்தான வந்தோம், எதுக்க ஒரு ஈ காக்கா வரலியே?"

கேட்டுக்கிட்டே அட்டைப்பெட்டியைத் திறந்தேன். உள்ள கட்டுக் கட்டாப் படிவம்.

"மேடம்! படிவம் பூராவும் இங்கதான் இருக்கு!"

கத்தினேன். பூட்டுப் போடணும்னா முதல்ல என் வாயிக்குத்தான் போட்டிருக்கணும்.

மேடம் மேலாக ஒரு கட்டை எடுத்துப் புரட்டினாங்க. அஞ்சாறு பக்கம் புரட்டினதும் முகம் மாறிப்போச்சு. கதவுப் பக்கம் திரும்பி, "ஏனுங்க சார், உங்க அறிக்கையில இங்கெல்லாம் நூத்துக்கு அறுபது ரூமு காலின்னு சொன்னீங்க. இந்தப் புள்ள எழுதினதுல ஒண்ணு ரெண்டு தவுர எல்லா ரூம்லயும் ஆள் இருக்குதுங்களே?" அப்படின்னு கேட்டாங்க.

கதவு சாத்திக்கிச்சு. வெளிய பூட்டை அழுத்துற சத்தம் கேட்டுச்சு.

"மன்னிச்சுக்குங்க மேடம்" அப்படின்னுச்சு ஜன்னல். கம்பிக்கு அந்தப் பக்கம் கந்தவேல் சார் முகம். "அந்தப் பெட்டியில இருக்கறதையெல்லாம் ஜன்னல் வழியா குடுத்துருங்க. குடுத்ததும் தொறந்து உட்டர்றேனுங்க."

பாருங்க, கொங்கு நாட்டுல ஆளைப் பூட்டி வைக்கிறவனும் 'ங்க' போட்டுத்தான் பூட்டுறான்!

எனக்குப் பூட்டின ரூம்னா சின்ன வயசுல இருந்தே ஆகாது. லிப்ட்ல ஏறமாட்டேன். கதவுல மோதிப் பாத்தேன், தோள்பட்டைதான் வலிச்சுது. "யாராவது இருக்கீங்களா? காப்பாத்துங்க! ஏ அண்ணே! யக்கா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து நிட்டிங் யூனிட்ல மெஷின் தடதடன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒரு குரல் வரல.

"கத்துங்க தம்பி" அப்படின்னாரு சார், பொறுமையா. "பதினோரு பூட்டுங்க. ஒரு ஈ எறும்பு கெடையாது. இன்னொரு மணி நேரம் போனா இந்த ஷீட்டுக்குக் கீழ உங்களால நிக்கவே முடியாது. நான் கார்ல ஏசி போட்டு உக்காந்துக்கறேன்."

"போலீஸுக்குச் சொல்லுவோம்யா!"

"நானே சொல்றேனுங்க. ஊடு பூந்து திருட வந்த ரெண்டு பேரைப் புடிச்சுப் பூட்டி வச்சிருக்கறேன்னு. உங்க போன்லயே கூப்புடறேன், பேலன்ஸ் இருக்குதுல்ல?"

என் பேலன்ஸ்ல என்னையவே புடிச்சுக் கொடுப்பானாம். வந்த ஆத்திரத்துக்கு ஜன்னல் கம்பியைப் புடிச்சு உலுக்கினேன். அது எனக்கு முன்னாடி எத்தனை பேரைப் பாத்துதோ, அசையல.

மேடம் மட்டும் பாயில சம்மணம் போட்டு உக்காந்து படிவம் படிச்சாங்க. கழுத்துல வேர்வை வழியுது, துடைக்கக்கூட இல்ல. "மூணு மணிக்குக் கூட்டமுங்களா சார்?"

"ஆமாங்க. அறிக்கையை இன்னைக்குக் குடுத்துட்டா, அடுத்த மாசம் இந்த லைனுகளை இடிச்சுட்டு அடுக்குமாடி. காலி ஊட்டை இடிச்சா யாருக்குங்க நட்டம்? வேல்விழி கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. களத்துல எழுதினது அவதான்னு எல்லாருக்கும் தெரியும். படிவமே இல்லைன்னா அப்புறம் அவ என்ன சொல்லியும் எடுபடாதுங்க."

அப்பத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது. காணாமப் போன பொண்ணு காணாமப் போகல. இந்த ஆளுகிட்ட இருந்து ஒளிஞ்சிருக்கு. ஒளிஞ்ச இடத்துக்கு அவரைக் கைப்புடிச்சுக் கூட்டிட்டு வந்தது நாங்க. எனக்கு அசிங்கமாப் போச்சு.

மேடம் என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கைகாட்டினாங்க. ஜன்னல் கண்ணுக்குப் படாத மூலையில குசுகுசுன்னு பேசினோம்.

"படிவத்தைக் குடுத்தா தொறந்து உடுவாருன்னு நெனைக்கறீங்களா ஜெபா?"

"விட்டுருவாரு மேடம், கூட்டம் இருக்குல்ல."

"சாவி ஏதுங்க அவருக்கு? பூட்டு தொறந்து தொங்குச்சு, சாவி அதுல இல்ல. குடியிருக்கறவ கையில இருக்குது. அது அழுத்தினா பூட்டிக்கற பூட்டு. அவரு அழுத்தினாரு, அவ்வளவுதான். அவரு நெனைச்சாலும் தொறக்க முடியாது."

இதுவரைக்கும் ஒரு வழியாவது இருக்குன்னு நினைச்சேன், அதுவும் இல்ல.

"அப்ப அந்தப் பொண்ணு சாவியோட எங்க மேடம் போச்சு?"

மேடம் கண்ணை மட்டும் மேல தூக்கினாங்க. ஆறாம் நம்பருக்கும் எங்களுக்கும் நடுவுல இருக்கிற சுவரு ஷீட் வரைக்கும் போகல, மேல ரெண்டடி இடைவெளி. வெள்ளையடிச்ச சுவத்துல, இடுப்பு உயரத்துல, ஒரு கால் தடம்.

"கார் சத்தம் கேட்டுருக்குது. ஏறிக் குதிச்சுட்டா."

"அப்ப நாமளும் குதிப்போம்!"

"அந்தப் பக்கமும் பூட்டுத்தானுங்க. நாம குதிச்சா அவ அங்க இருக்கறதும் இவருக்குத் தெரிஞ்சுரும்." மேடம் சுத்துற ஃபேனைப் பாத்தாங்க. "ஜெபா, உங்க மச்சான் நிட்டிங்ல நைட் ஷிஃப்ட் பாத்தாருன்னு சொன்னீங்கல்ல?"

இந்த நேரத்துல என் மச்சானைப் பத்தி என்ன விசாரணைன்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு. "ஆமா. நாலு வருஷம். அதுக்கென்ன இப்ப?"

"பகல்ல எப்படித் தூங்குவாரு?"

"அக்கா காலையில கம்பெனிக்குப் போகும்போது வெளிய பூட்டிட்டுப் போயிருவா. யாரும் வந்து கதவைத் தட்டி எழுப்பக் கூடாதுல்ல. மச்சான் உள்ள..."

வாய் அப்படியே நின்னுபோச்சு. நெத்தியில அடிச்சுக்கிட்டேன். எத்தனை வருஷமா தெரிஞ்ச சங்கதி! இந்த ஊர்ல பாதி ரூம்ல பகல் ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆள், நைட் ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆள். வெளிய பூட்டு தொங்கினா உள்ள ஒருத்தன் தூங்குறான்னு அர்த்தம். அதைத்தான் மேடம் வந்ததுமே மீட்டர்ல படிச்சிருக்காங்க. மூணாம் நம்பரைத் தவிர எல்லா மீட்டர்லயும் சிவப்பு விளக்கு மினுக்கிச்சு. எல்லா ரூம்லயும் ஃபேன் ஓடுது.

"ஆனா மேடம், நான் கத்தின கத்துக்கு எந்திரிச்சிருக்கணுமே?"

"உங்க மச்சான் எந்தச் சத்தத்துக்கு எந்திரிப்பாரு?"

"இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. ராப்பூரா மெஷின் சத்தத்துல நின்னவரு, அவருக்குச் சத்தந்தான் தாலாட்டு. ஃபேன் நின்னாத்தான்..." நான் மேடத்தைப் பாத்தேன். மேடம் இண்டக்‌ஷன் அடுப்பைப் பாத்தாங்க.

"பதினோரு ரூமுக்கும் ஒரே மெயின் ஃபியூஸுங்க" அப்படின்னாங்க மெதுவா. "வரும்போதே பாத்தேன். தலைமுடியாட்ட ஒத்தைக் கம்பி போட்டு வச்சிருக்கறாங்க. நான் சர்வீஸ்ல இருந்திருந்தா இதுக்கு எழுதியே குடுத்திருப்பேன். இப்ப அதுதான் நம்மளக் காப்பாத்தணும். அடுப்புல அந்தப் பால் சட்டியை வச்சு முழுசா வையுங்க. இஸ்திரிப் பெட்டியையும் சொருகுங்க."

சொருகினேன். ரெண்டையும் முழு அளவுக்குத் திருகினேன். எங்க ஃபேன் ஒரு நிமிஷம் முக்கிச்சு. வெளிய பலகையில 'படார்'னு ஒரு சத்தம். ஃபேன் மூணு சுத்துச் சுத்தி நின்னுது.

அம்மாடி, அந்தச் சூடு! ஷீட்டுல இருந்து அப்படியே தலையில இறங்குச்சு. மூச்சு விடவே முடியல.

"என்னங்க பண்றீங்க உள்ள?" சார் ஜன்னலுக்கு வந்துட்டாரு.

மேடம் கையில கொஞ்சம் படிவத்தை எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட போனாங்க. குரலை உசத்தினாங்க, நாலு ரூமுக்குக் கேக்கற மாதிரி. "குடுத்தர்றேனுங்க சார். ஒரே ஒரு சந்தேகம். நீங்க எப்படிங்க எண்ணினீங்க?"

"என்னத்தைங்க?"

"காலி ரூமுங்களை."

"ஒரு நாள் காலையில பதினோரு மணிக்கு வந்தேன். பூட்டியிருக்கறதையெல்லாம் எண்ணினேன். வேறெப்படிங்க எண்ணறது?"

"கதவைத் தட்டிப் பாத்தீங்களா?"

"பூட்டின கதவை யாராச்சும் தட்டுவாங்களா மேடம்?"

"வேல்விழி உங்ககிட்ட சொன்னாளா, உள்ள ஆளுக தூங்கறாங்கன்னு?"

பக்கத்து ரூம்ல யாரோ இருமின மாதிரி இருந்துச்சு. சாருக்கு அது கேக்கல, நிட்டிங் மெஷின் அவரு பக்கந்தான் ஓடுது.

"சொன்னா" அப்படின்னாரு. "அதுக்குள்ள அறிக்கை எழுதி முடிச்சாச்சுங்க. அடுக்குமாடி கட்டற கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லியாச்சு. இருபது வருஷம் இந்த ஆராய்ச்சி பண்ணினவன், பூட்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு போயி நிக்கச் சொல்றீங்களா? மாத்தி எழுதும்மான்னு சொன்னேன். ராத்திரியோட ராத்திரியா என் பீரோவுல இருந்து படிவத்தையெல்லாம் எடுத்துட்டு ஓடி வந்துட்டா."

"அப்ப உள்ள ஆள் இருக்கறது உங்களுக்குத் தெரியும்."

"மேடம், இந்த லைன் காலி. நான் எழுதினா காலிதானுங்க. குடுங்க அதை."

அவரு கை நீட்டினாரு.

அதே நேரத்துல எட்டாம் நம்பர் ஜன்னல்ல இருந்து இன்னொரு கை நீண்டுச்சு. மயிர் படர்ந்த கை. விரல்ல ஒரு சாவி தொங்குச்சு. தூக்கக் குரல் ஒண்ணு, "அண்ணே, கரண்டு போச்சு போல. கொஞ்சம் கதவைத் தொறந்து விடுங்கண்ணே, ஃபியூஸைப் போட்டுட்டு வாரேன்" அப்படின்னுச்சு.

கந்தவேல் சார் அந்தக் கையையே பாத்தாரு.

"பாயி, பங்கா பந்த் ஹோ கயா!" பத்தாம் நம்பர்ல இருந்து ஒரு வடக்கத்திப் பையன் குரல், ஃபேன் நின்னுபோச்சாம், ஒரு கை, ஒரு சாவி. அப்புறம் அஞ்சாம் நம்பர். அப்புறம் ஒண்ணு, ரெண்டு. உள்ள இருந்து கதவைத் தட்ட ஆரம்பிச்சாங்க. "எவன்யா வெளிய? காது கேக்கலியா? வெந்து சாகறோம்ல!" ஜன்னல் கம்பியில கன்னத்தை ஒட்டிக்கிட்டு நான் எண்ணினேன். மூணாம் நம்பர் ஊர்ல கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன குடும்பமாம், அது மட்டும் சத்தமில்ல. மிச்சம் எட்டு கை, எட்டு சாவி, எல்லாம் அவரு பக்கம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. வெளிய நின்ன ஒரே ஆளு அவருதான.

ஒன்பதாவது கை ஆறாம் நம்பர்ல இருந்து வந்துச்சு. அதுல சாவி இல்ல, பேனா இருந்துச்சு.

"ஆறாம் நம்பர், சார்" அப்படின்னு ஒரு பொண்ணு குரல். நடுங்குச்சு, ஆனா நிக்கல. "ஆள் ரெண்டு. மூக்கையா அண்ணனும் நானும். எழுதிக்குங்க."

மேடம் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாங்க. "அம்மிணி, நல்லாயிருக்கறயா?" சுவத்துக்குத்தான் கேட்டாங்க.

"நல்லாயிருக்கேன் மேடம். நான் இங்க இருக்கேன்னு அவர்கிட்ட நீங்க காட்டிக் கொடுக்காம இருந்தீங்கள்ல, அதையும் கேட்டேன்."

சார் திரும்பிச் சந்து வாசலைப் பாத்து நடந்தாரு. ரெண்டு எட்டு வைக்கல, நிட்டிங் யூனிட்ல சாப்பாட்டு மணி அடிச்சுது. மெஷின் நின்னுச்சு. சந்துக்குள்ள தூக்குவாளியும் பையுமா அஞ்சு பொம்பளைங்க வந்தாங்க. முன்னாடி வந்தது மூக்கையாவோட சம்சாரம் கருத்தம்மா, தலையில இன்னும் பஞ்சு ஒட்டியிருந்துச்சு.

"வழி விடுங்கம்மா, அவசரமுங்க."

"ஏ கருத்தம்மா!" ஆறாம் நம்பர் ஜன்னல்ல இருந்து மூக்கையா கத்தினாரு. "அந்தாள விடாத! நம்ம ரூமை காலின்னு எழுதிக் குடுத்து இடிக்கப் பாக்கான்!"

கருத்தம்மா தூக்குவாளியைக் கீழ வச்சாங்க. சாரை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "காலியா? அப்ப காலையில நான் யாருக்குய்யா சோறு வடிச்சு வச்சுட்டுப் போனேன்? சுவத்துக்கா?"

கருத்தம்மா இடுப்புச் சாவியால ஆறாம் நம்பரைத் திறந்தாங்க. மத்த பொம்பளைங்க நீட்டின கையில இருந்து சாவியைப் புடுங்கிப் புடுங்கி ஒவ்வொரு கதவாத் திறந்தாங்க. ஒவ்வொண்ணுல இருந்தும் லுங்கியைக் கட்டிக்கிட்டு, கண்ணு செவக்க, ஆளுங்க வெளிய வந்தாங்க. தூங்குறவனை எழுப்பினாலே கோவம் வரும், இவனுங்க வெந்து எந்திரிச்சவனுங்க. வேல்விழி ஓடி வந்து எங்க பூட்டைத் திறந்தா. இருபத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணுக்குக் கீழ கருவளையம். நான் அட்டைப்பெட்டியைத் தோள்ல தூக்கிக்கிட்டே வெளிய பாய்ஞ்சேன். அந்தச் சந்துக் காத்து, சாயத்தண்ணி வாடையோட, எனக்கு ஊட்டி மாதிரி இருந்துச்சு.

சாருக்கு முன்னாடியும் ஆளு, பின்னாடியும் ஆளு. திறந்து கிடந்தது ஏழாம் நம்பர் ஒண்ணுதான். சரக்குன்னு உள்ள பூந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. கருத்தம்மா கை தன்னால போயி, கொண்டியை மாட்டி, பூட்டை அழுத்திடுச்சு.

"அய்ய, பழக்கதோசம்" அப்படின்னாங்க. "ஆளு உள்ள போனா பூட்டித்தான பழக்கம்."

மேடம் ஜன்னல்கிட்ட போனாங்க. "நீங்க சொன்ன வேலை முடிஞ்சுதுங்க சார். பொண்ணு கெடச்சாச்சு."

"சார், என் போனு?" அப்படின்னேன் நான்.

கம்பிக்கு நடுவுல ஒரு கை நீண்டுச்சு. பத்தாவது கை. போனை வாங்கிக்கிட்டேன். பேலன்ஸ் அப்படியே இருந்துச்சு. அதுலயே வீரபாண்டி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டேன்.

மேடம் பலகைக்குப் போயி ஃபியூஸுக்குக் கம்பி மாத்தினாங்க. "பாவம், இவங்க சாயங்காலம் ஷிஃப்ட்டுக்குப் போகோணும், ஒரு மணி நேரமாச்சும் தூங்கட்டும். அவருக்கும் ஃபேன் ஓடட்டும்." மீட்டர்ல வரிசையாச் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பிச்சுது, ஏழாம் நம்பர்லயும்.

ஆனா யாரும் தூங்கப் போகல. மூக்கையா சட்டையைத் தேடிக்கிட்டு இருந்தாரு. "மூணு மணிக் கூட்டத்துக்கு நாங்களும் வாரோம்மா. காலின்னு சொன்ன எடத்துல இருந்து எத்தனை பேரு வந்து நிக்கோம்னு அவங்க எண்ணிக்கிடட்டும்." வேல்விழி அழுதுட்டா. ஆறு நாளா அடக்கி வச்சிருந்தது அது. கருத்தம்மா முந்தானையால அவ முகத்தைத் துடைச்சு விட்டாங்க.

அழுது முடிச்சதும் அவ அட்டைப்பெட்டியில இருந்து எழுதாத படிவம் ஒண்ணை எடுத்தா. "இந்த லைன்ல ஒண்ணு பாக்கி மேடம். ஏழாம் நம்பர். நானே குடியிருந்ததால நான் எழுதிக்க முடியல."

"அதுல என்ன யோசனை?" அப்படின்னேன். "காலின்னு எழுதும்மா. வாடகைக்குன்னு அட்டை தொங்குது, பூட்டியும் இருக்கு. சார் கணக்குப்படி சுத்தமான காலி."

உள்ள இருந்து கதவைத் தட்டுற சத்தம். "ஆள் இருக்குதுங்க! ஏனுங்க, உள்ள ஆள் இருக்குதுங்க! பூட்டிட்டுப் போயிராதீங்க!"

நாங்க எல்லாரும் சிரிச்சோம். வேல்விழி சிரிக்கல. சுவத்துல படிவத்தை வச்சு, கதவு எண் ஏழுன்னு எழுதி, அதுக்கு நேரா 'இருப்பவர்: ஒருவர்'னு எழுதினா.